அந்தப் பெயரில் யாரும் இல்லை

கடிதம் எங்கள் ஊர் வரைக்கும் ஒரு தடவை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. உறையின் மேல் சிவப்பு மையில் ‘இந்தப் பெயரில் யாரும் இல்லை’ என்று எழுதி, பிறகு அதையே குறுக்கே அடித்து மறுபடி அனுப்பியிருந்தார்கள். டெல்லியிலிருந்து திருப்பனந்தாள் வர நான்கு நாள். திருப்பனந்தாளிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற எங்கள் ஊருக்கு வரப் பதினைந்து நாள். தற்காலிகமாக வந்த தபால்காரர் டீக்கடையில் விசாரித்தாராம், ஜெயபாரதி யார் என்று. அப்படி யாரும் இங்கே இல்லை என்று எவனோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறான். பழைய தபால்காரர் லீவு முடிந்து வந்துதான் கதவு எண்ணைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜெயபாரதி என் அண்ணி. இந்த ஊருக்கு வாழ வந்து பதினேழு வருஷமாகிறது. அண்ணன் ராஜராஜன் கத்தாருக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து நாற்றங்கால் விடுவதிலிருந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது வரைக்கும் அண்ணிதான். ஆனால் பட்டா அண்ணன் பெயரில். சிட்டா அண்ணன் பெயரில். பயிர்க் காப்பீடு, உர அட்டை, வயல் மோட்டாரின் கரண்ட் இணைப்பு எல்லாம் அண்ணன் பெயரில். எந்த ஆபீஸுக்குப் போனாலும் “சார் வரலையாம்மா?” என்பதுதான் முதல் கேள்வி. அண்ணி அதற்கெல்லாம் கோபப்படமாட்டார். கோபப்படுகிற வேலையை அவருக்கும் சேர்த்து நான்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் பூர்ணிமா. திருவிடைமருதூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் மறுநாள் கிளம்புவதாக இருந்தேன். அப்போதுதான் இந்தக் கடிதம் கைக்கு வந்தது.

ஐந்தே வரி. தாங்கள் பதிவுக்கு அனுப்பிய நெல் ரகம், ஊரில் பொதுவாகப் பயிராகும் ரகத்திலிருந்து டிஸ்டிங்ட் ஆக இல்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் கடிதத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம். அந்த முப்பதில் பத்தொன்பதை டீக்கடைப் புண்ணியவான் தின்றுவிட்டான். மிச்சம் பதினொன்று.

“என்ன எழுதியிருக்கான் பூர்ணிமா? வித்தியாசம் இல்லங்கிறானா?” என்று அண்ணி கேட்டார்.

“வித்தியாசம் இல்லன்னு சொல்லல அண்ணி. டிஸ்டிங்டா இல்லங்கிறான்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணு இல்ல. ஒரே கடையில வாங்குன ரெண்டு எவர்சில்வர் டம்ளர்ல ஒண்ணு நசுங்கியிருந்தா அது டிஃபரன்ட். எவர்சில்வர் டம்ளரும் பித்தளை டம்ளரும்னா அது டிஸ்டிங்ட். யாரும் மாத்திச் சொல்ல முடியாது. பாத்த உடனே இது வேற, அது வேறன்னு தெரியணும்.”

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். “அப்ப நம்ம நெல்லு அதுதானே?” என்றார்.

பதினான்கு வருஷமாக இந்த வார்த்தையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அர்த்தம் சொல்லி, கைடில் இருக்கிற வாக்கியத்தை மனப்பாடம் பண்ண வைத்தவள் நான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலாண்டுத் தேர்வில் பூமிகா என்கிற பெண் மட்டும் அந்த வாக்கியத்தை எழுதாமல் சொந்தமாக ஒன்று எழுதியிருந்தாள். என் கையெழுத்து டிஸ்டிங்ட், பேர் போட மறந்தாலும் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார் என்று. உண்மையாகவே அந்தப் பேப்பரில் பேர் போட மறந்திருந்தாள், நான் கண்டுபிடித்தும்விட்டேன். இருந்தாலும் கைடில் இல்லாததால் அரை மார்க்கைக் குறைத்தேன். அந்த அரை மார்க் இப்போது எனக்கு உறுத்துகிறது. எனக்கே இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

அந்த நெல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முந்தைய தை மாதம், அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது மூன்று நாள் விடாத மழை. அப்போது ஊர் முழுக்க ஒரே நெல்தான், ஊர்ச் சம்பா. எந்த விதை டெப்போவிலும் கிடைக்காது. எங்கள் ஊரில் மட்டும் விதை எடுத்து விதை எடுத்துப் போட்டுவந்த நெல். சோற்றுக்கு அருமையாக இருக்கும், ஆனால் மழையைக் கண்டால் படுத்துவிடும். அந்த மழைக்கும் மொத்தமாகப் படுத்துவிட்டது. ஊரே வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி முழங்கால் தண்ணீரில் இறங்கி வயல் நடுவே போயிருக்கிறார். அங்கே ஒரு நாலு குத்துப் பயிர் மட்டும் விழாமல் நின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் அதன் தூரில், தண்ணீரை ஒட்டின இடத்தில், ஊதா நிறம். ஊர்ச் சம்பாவுக்குத் தூர் பச்சையாகத்தான் இருக்கும்.

அந்த நாலு குத்தின் கதிரைத் தனியாக அறுத்துத் துணிப்பையில் போட்டு வைத்தார். அடுத்த வருஷம் தனிப் பாத்தியில் விதைத்தார். அதில் பச்சைத் தூரோடு வந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டார். எங்கள் பக்கம் இதைக் கலவன் எடுப்பது என்பார்கள், பயிரில் கலந்து வருகிற வேற்று நெல்லை வேரோடு எடுத்துவிடுவது. அண்ணி கலவன் எடுத்தால் அந்த வயலில் தேடினாலும் கிடைக்காது. மூன்றாம் வருஷம் ஒரு மா நிலத்துக்கு விதை சேர்ந்தது. நான்காம் வருஷம் பெய்த மழையில் அக்கம்பக்கத்து வயல் படுத்துக் கிடக்க, அண்ணியின் வயல் மட்டும் நிமிர்ந்து நின்றது.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஊரே விதை கேட்டு வந்தது. எங்கள் ஊரில் விதைக்குக் காசு வாங்குகிற வழக்கம் கிடையாது. ஒரு மரக்கால் வாங்கினவர் அறுப்பு முடிந்ததும் ஒரு மரக்கால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். விதை கேட்டு வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல அண்ணிக்கு வாய் வராது. தன் நாற்றங்காலுக்கு வைத்திருந்ததிலிருந்துகூட அள்ளிக் கொடுத்தார்.

புது நெல் ரகத்தைக் கண்டுபிடித்த விவசாயி தன் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று சொன்னவர் வேளாண்மை ஆபீஸில் இருக்கும் சாஜிதா மேடம். அவர்தான் படிவத்தையும் கொடுத்தார். முழுக்க இங்கிலீஷ். அதனால் வேலை என் தலையில் விழுந்தது. எதில் வேறுபடுகிறது என்ற கட்டத்தில் நான் ‘வெரி டிஃபரன்ட்’ என்று எழுதிக்கொண்டு போனேன். “டீச்சர், இது செல்லாதுங்க. டிஸ்டிங்ட்டுன்னு காட்டணும். எந்த எடத்துல, எந்த நிறத்துல, எவ்வளவுன்னு எழுதுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இங்கிலீஷ் டீச்சருக்கு வேளாண்மை ஆபீஸில் இங்கிலீஷ் பாடம். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு அண்ணியோடு வயலில் இறங்கி, ஒவ்வொரு குத்தாகக் குனிந்து பார்த்து எழுதினேன். முதுகு மூன்று நாள் வலித்தது.

படிவத்தின் முதல் பக்கத்தில் ரகத்தை உருவாக்கியவர் பெயர் என்று ஒரு கட்டம். அண்ணன் பெயரைப் போடவா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அண்ணி எதற்கும் அடம் பிடிக்கிறவர் இல்லை. அன்றைக்குப் பேனாவைப் பிடித்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம் பேரைப் போடு பூர்ணிமா. ஒண்ணே ஒண்ணாவது எம் பேர்ல இருக்கட்டும்.”

அந்த ஒண்ணைத்தான் இப்போது டிஸ்டிங்ட் இல்லை என்று ஐந்து வரியில் முடித்துவிட்டார்கள்.

கடிதத்தோடு ஒரு அட்டவணை இணைத்திருந்தார்கள். போன வருஷம் தை மாதம் ஒரு குழு வெள்ளைக் காரில் வந்து, அண்ணியின் வயலிலிருந்து கொஞ்சம் கதிரும், ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் பொதுவாகப் போடுகிற நெல் என்று இன்னொரு வயலிலிருந்து கொஞ்சம் கதிரும் எடுத்துப்போனது. இரண்டையும் அவர்கள் பண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுதான் அட்டவணை. பயிரின் உயரம், ஒன்றுதான். கதிரின் நீளம், ஒன்றுதான். தூரின் நிறம், இந்தப் பக்கம் ஊதா, அந்தப் பக்கமும் ஊதா.

அந்த வரியிலேயே என் கண் நின்றுவிட்டது.

“அண்ணி, ஊர்ச் சம்பாவுக்குத் தூரு ஊதாவா?”

“யாரு சொன்னது? பச்சைன்னா பச்சை.”

ஒப்பீட்டுக் கதிர் எடுத்த வயல்காரர் பெயர் அடியில் இருந்தது. கலியபெருமாள். எங்கள் பங்காளி, எனக்குப் பெரியப்பா முறை, அண்ணிக்கு மாமா முறை. எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. கடிதத்தை மடித்துக்கொண்டு இரண்டு பேரும் அப்போதே கிளம்பினோம். பெரியப்பா தன் வயல் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, நாளன்றைக்கு வரப்போகிற அறுப்பு மெஷின்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் உங்க வயல்லேர்ந்துதானே பெரியப்பா கதிர் எடுத்தாங்க?”

“ஆமா. வெள்ளக் கார்ல வந்தாங்களே. மருமவ வீட்டுல அவங்களுக்கு டிபன் செஞ்சிக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் அழைச்சிட்டுப் போயிக் காமிச்சேன்.”

“எதைக் காமிச்சீங்க?”

“எதைன்னா? நல்ல பயிரைத்தான். மேலக் கடைசியில மூணு மா அப்புடியே நிமுந்து நின்னுச்சு. அதைத்தான்.”

“அது யாரு குடுத்த வெதை?”

“மருமவ குடுத்ததுதான். வேற யாரு குடுப்பா?”

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணியின் நெல்லையும் அண்ணியின் நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது என்று ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கிறார்கள்!

“ஏன் பெரியப்பா, அவங்க ஊர்ச் சம்பாவைத்தானே கேட்டாங்க?”

“ஊர்ச் சம்பான்னு எங்க கேட்டாங்க? ஊர்ல பொதுவா எதைப் போடுறீங்கன்னு கேட்டாங்க. பொதுவா இதைத்தானே போடுறோம்? அப்ப மருதையன் ஒருத்தன்தான் பழைய நெல்லு போட்டிருந்தான். அது பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கெடந்துச்சு. டெல்லியிலேர்ந்து ஒரு ஆபீசர் வந்து நிக்கிறப்ப அதையா காமிப்பேன்? ஊருக்கு அசிங்கமில்ல?”

என்னத்தைச் சொல்ல? மனுஷர் பொய்யும் சொல்லவில்லை. யாராவது பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம். ஊர் மானத்தைக் காப்பாற்றியவரிடம் எப்படிச் சண்டை போடுவது? இருந்தும் நான் போட்டேன். ஊர் மானத்தைப் பார்த்தீர்களே, ஒரு பொம்பளை அஞ்சு வருஷம் சேற்றில் நின்றதைப் பார்த்தீர்களா என்று கத்தினேன். பெரியப்பா முகம் சுருங்கிவிட்டது. அண்ணிதான் என் தோளைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீடியோ காலில் வந்தான். விஷயத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“நான் அப்பவே சொன்னேன்ல? எம் பேர்ல போட்டிருந்தா லெட்டர் அன்னைக்கே வந்து சேந்துருக்கும்.”

அதில் இருந்த உண்மைதான் எனக்குத் தாங்கவில்லை. “அண்ணா, அந்த நெல்லுக்குத் தூரு என்ன நெறம்? சொல்லு பாப்போம்” என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். “பச்சைதான். பயிர்னா பச்சையாத்தானே இருக்கும்?” என்றான்.

போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு சாஜிதா மேடத்துக்குப் போன் பண்ணினேன். நடந்ததையெல்லாம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “மேல்முறையீடு போடலாம் டீச்சர். ஆனா ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, பழைய நெல்லோட கதிர், அம்பதாவது வேணும். ரெண்டு, அந்த வயல்காரரே தன் கையால எழுதிக் குடுக்கணும், இந்த விதை இன்னாருகிட்ட வாங்குனேன்னு. ரெண்டும் இருந்தா மறுபடி விதைச்சுப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம். நிச்சயம்னு சொல்லமாட்டேன்” என்றார்.

நாங்கள் வீடு வீடாகப் போனோம். ஊர்ச் சம்பா விதை ஒரு படியாவது இருக்கிறதா? எல்லையம்மாள் அக்கா பத்தாயத்தைத் திறந்து காட்டினார், உள்ளே இருந்தது அண்ணியின் நெல். பக்கிரி அண்ணன் பழைய நெல்லையெல்லாம் போன ஆடியிலேயே அவித்து அரிசியாக்கிவிட்டாராம். கடைசி நம்பிக்கை மருதையன். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

“ஊர்ச் சம்பாவா? ராஜராஜன் வூட்டு நெல்லு வந்தப்புறம் அந்தச் சனியனை யாரு வச்சிருக்கா? போன வருஷம் படுத்துத் தொலைச்சதே, அதோட விட்டாச்சு.”

ராஜராஜன் வீட்டு நெல். கத்தாரில் உட்கார்ந்துகொண்டு தூர் பச்சை என்று சொல்கிறவனுடைய நெல். நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணி, “வாங்குன மரக்காலை இன்னும் திருப்பித் தரலைண்ணே நீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வழியில் அண்ணி திடீரென்று நின்றார். “கலவன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“பச்சைத் தூரோட வர்ற கலவன்தான் பூர்ணிமா பழைய நெல்லு. போன வருஷம் உதுந்தது எங்கயாவது மொளைச்சிருக்கும். அதைப் புடிச்சா அம்பது கதிர் தேறும்.”

நேராக எங்கள் வயலுக்குப் போனோம். ஆறு மா நிலத்தையும் குறுக்கும் நெடுக்குமாக நடந்தோம். ஒவ்வொரு தூராக விலக்கிப் பார்த்தோம். ஊதா, ஊதா, ஊதா. வெயில் ஏறியது. கண் எரிந்தது. ஒரு பச்சைத் தூர்கூடக் கிடைக்கவில்லை. அஞ்சு வருஷமாகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டவர், ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. வேறாக இருந்ததையெல்லாம் அண்ணியே அழித்துவிட்டு, இப்போது தன்னுடையது வேறு என்று காட்டுவதற்கு ஒரு குத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். “இவ்வளவு சுத்தமா ஏன் அண்ணி வேலை பாக்குறீங்க?” என்று அவரிடமே எரிந்து விழுந்தேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அண்ணி வரப்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, எதிர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தது கலியபெருமாள் பெரியப்பா வயல். அங்கங்கே திட்டுத் திட்டாகப் படுத்துக் கிடந்தது.

“இந்த மாமா ஒரு வருஷமாவது கலவன் எடுத்திருக்காரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

பெரியப்பாவின் சோம்பல் ஊர் அறிந்தது. அண்ணி ஒவ்வொரு வருஷமும் வரப்பில் நின்று, “மாமா, கலவன் எடுங்க, வெதை கெட்டுடும்” என்று தொண்டை வறளச் சொல்வார். அவரும் நாளைக்கு நாளைக்கு என்பார். எடுத்ததே இல்லை. அந்தத் திட்டுகளில் இறங்கி ஒரு குத்தை விலக்கினேன். தூர் பச்சை. நான் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

மறுநாள் மெஷின் வந்தால் அவ்வளவும் ஒன்றாகிவிடும். இரண்டு பேரும் அரிவாளோடு குனிந்தோம். படுத்துக் கிடந்ததில் பாதிக் கதிர் முளைத்துப் போயிருந்தது, மிச்சத்தில் நல்லதாகப் பார்த்துத் தூரோடு அறுத்தோம். பெரியப்பா கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். நேற்றுக் கத்தியவள் இன்று அவர் வயலை அறுத்துக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார் பாவம். விஷயத்தைச் சொன்னதும் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

“பாத்தியா, கலவன் எடுக்காதது எவ்ளோ நல்லதாப் போச்சு!” என்று அவர் பெருமையாகச் சொன்னபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அறுபத்து மூன்று கதிர் கிடைத்தது. கொட்டகை வாசலில் அதைச் சாக்கின் மேல் பரப்பிவிட்டு, பையிலிருந்து வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மோட்டார் பெட்டியின் மேல் தாளை வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். தன் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண். போன வருஷம் அதிகாரிகள் என் வயலில் எடுத்த கதிர் ஊர்ச் சம்பா அல்ல. அந்த விதையை எனக்குக் கொடுத்தவர்...

நான் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் அவரே எழுதிக்கொண்டு போனார். எட்டிப் பார்த்தேன். ‘என் தம்பி மகன் ராஜராஜன் வீட்டில்’ என்று இருந்தது.

“பெரியப்பா, வீடா குடுத்துச்சு? குடுத்த ஆளு பேரை எழுதுங்க.”

அடித்துவிட்டு ‘ராஜராஜன் மனைவி’ என்று எழுதினார்.

“பேரு பெரியப்பா. பேரு வேணும்.”

பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பதினேழு வருஷம்.

“கோவிச்சுக்காதம்மா” என்றார் தணிந்த குரலில். “வந்த நாள்லேர்ந்து மருமவளே மருமவளேன்னே கூப்ட்டுட்டனா... பேரு என்னம்மா ஒனக்கு?”

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

அண்ணி கையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினார். “ஜெயபாரதி” என்றார்.

“ஜெயபாரதி” என்று பெரியப்பா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். முகம் மாறிவிட்டது. “மார்கழியில டீக்கடைக்கு ஒரு தபால்காரன் வந்து கேட்டானே... அந்த ஜெயபாரதி நீயாம்மா?”

அண்ணி தலையாட்டினார்.

“நாந்தாம்மா சொன்னேன்” என்றார். “அப்புடி யாரும் இந்த ஊர்ல இல்ல, வேற ஊரா இருக்கும், நல்லாப் பாருன்னு நாந்தான் அவனைத் திருப்பி அனுப்புனேன்.”

இரண்டு நாளாக நான் வாய்க்கு வந்தபடி சபித்துக்கொண்டிருந்த புண்ணியவான் எனக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது நாள் போனதற்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். விண்ணப்பம் எழுதின அன்றைக்குப் பிடித்த அதே பிடி.

அவர் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார் அண்ணி. தாளை அவர் பக்கமாக நகர்த்தினார்.

“எழுதுங்க மாமா.”

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ‘ராஜராஜன் மனைவி’யை அடித்தார். ஜெ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“மரியாதைக்கு முன்னால திருமதின்னு போட்டுடவாம்மா?”

“வேணாம் மாமா” என்றார் அண்ணி. “பேரை மட்டும் போடுங்க.”